கோர்ட் ஷேவிங்

என் அத்தானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. வரட்டும். கோபமில்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அது வேறு யாரையோ பற்றி எழுதியதாகிவிடும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கோர்ட்டுக்கு எதிர் வரிசையில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் அவருடையது. அதற்கு நாலு கடை தள்ளி என்னுடைய ஜெராக்ஸ் கடை. தெருவில் அவருக்கு ‘ஒரு நிமிஷம்’ என்று பெயர். யார் எட்டிப் பார்த்தாலும் “ஒரு நிமிஷம், உக்காருங்க” என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் உட்கார்ந்தவர் செய்தித்தாளை வரி விளம்பரம் வரை படித்து முடித்து, பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடலாம்.

முப்பது வருஷமாக அந்தக் கடை ஓடுவது கோர்ட்டால்தான். வழக்குக்கு வருகிறவர்கள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அவரிடம் வருவார்கள். அதற்குப் பெயரே கோர்ட் ஷேவிங். நாற்காலியில் உட்கார்ந்ததும் அத்தான் கேட்கும் முதல் கேள்வி “என்ன கேஸு?” என்பதுதான். ஜாமீன் கேட்கிறவருக்கு மழமழவென்று முகம், பக்கத்தில் வகிடு. விவாகரத்துக்கு வந்தவருக்கு வேறு ஒரு வெட்டு. சொத்துத் தகராறு என்றால் நரையைத் தொடமாட்டார், பார்த்தால் இரக்கம் வருமாம்.

“நீதிபதி மூஞ்சியத்தான் முதல்ல பாக்குறாரு. கேஸ் கட்டைப் பிரிச்சுப் படிக்கறதுக்குள்ள பாதித் தீர்ப்பு முடிஞ்சுடும்” என்பார்.

“அப்போ வக்கீலுக்கு எதுக்கு அத்தான் காசு குடுக்கறாங்க?” என்று நான் கேட்பேன்.

“அது ஒரு மரியாதைம்மா” என்பார். சிரிக்காமல் சொல்வார். அவருக்கு அது வேடிக்கையில்லை. உண்மையாகவே நம்பினார்.

அவருக்கு ஒரே பையன். இருபத்தொரு வயது. கூரியர் கம்பெனியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, நீலச் சட்டை, பின்னால் பெரிய பை. நல்ல பையன் என்று சித்தி நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். சோம்பேறி, முன்கோபி, ஆனால் கை நீட்டமாட்டான். இந்தச் சோம்பேறிக்கு மூன்று மாதமாகத் தாடி வளர்க்கும் ஆசை வந்திருந்தது. ஏன் என்று கேட்டால் “சும்மா சித்தி” என்றான். அத்தானுக்கு அது சும்மா இல்லை. “சலூன்காரன் பையன் தாடியோட திரிஞ்சா என் கடைக்கு எவன் வருவான்?” என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பார். பையன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். அப்பனும் மகனும் அந்தத் தாடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள், வேறு பேச்சே இல்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து அத்தானுக்கு ஃபோன் வந்தது. நாளைக் காலை பத்து மணிக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், ஒரு விசாரணை.

விஷயம் இதுதான். அதற்கு முந்தின வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணி சுமாருக்குக் கடைத்தெருவில் பேட்டரிக் கடைக்காரரை ஒருவன் சந்துக்குள் வைத்து இரும்புக் கம்பியால் தலையில் அடித்துவிட்டு ஓடியிருந்தான். அவர் அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அடித்தவன் கூரியர் நீலச் சட்டை போட்டிருந்தான். எங்கள் பையனும் பேட்டரிக் கடைக்காரரும் இரண்டு வாரம் முன்பு உடைந்த பார்சலுக்காகத் தெருவே கேட்கும்படி சண்டை போட்டிருந்தார்கள். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

அத்தான் எனக்கு ஃபோன் செய்தார். குரல் அவருடையதாகவே இல்லை. “பயப்படாத” என்று எனக்குச் சொல்லிவிட்டு, “என்ன பண்றதுன்னே தெரியலம்மா” என்றார்.

“முதல்ல ஒரு வக்கீலப் பாருங்க அத்தான். என் கடைக்கு வர்ற வக்கீலம்மா இருக்காங்க, நான் சொல்றேன்.”

“வக்கீலோட போனா தப்புப் பண்ணவன்னு முடிவே கட்டிடுவாங்க. நாங்க நேரா போறோம், நடந்ததச் சொல்றோம். அதுக்கு முன்னாடி இவன மனுஷனா ஆக்கணும். இந்த மூஞ்சியோட போனா வாசல்லயே அடிப்பாங்க.”

இதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரி, அந்தத் தாடிக்காவது இன்னைக்கு ஒரு முடிவு வந்துச்சே” என்று சொல்லிச் சிரித்தேன். பயத்தில் வந்த சிரிப்புதான். ஆனாலும் சிரித்தேன். அத்தான் மேல் கோபப்படும்போதெல்லாம் அந்தச் சிரிப்பும் கூடவே ஞாபகத்துக்கு வருகிறது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தன் சொந்த மகனுக்குக் கோர்ட் ஷேவிங் செய்தார். அவனுக்கும் பயம். மூன்று மாதமாகத் தொடவிடாத முகத்தைத் தானே நிமிர்த்திக் கொடுத்தானாம். முடித்துப் படிகாரம் தடவி, கண்ணாடியைக் காட்டி, “இப்பப் பாரு, எந்த அதிகாரியும் உன்ன நம்புவான்” என்றாராம் அத்தான்.

வியாழக்கிழமை காலை அப்பாவும் மகனும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். மதியம் அத்தான் மட்டும் திரும்பி வந்தார். பையனைக் கைது செய்துவிட்டார்கள். கொலை முயற்சி.

அக்கா பள்ளிக்கூட விடுதியில் பாத்திரம் கழுவும் வேலையில் இருக்கிறாள். ஈரக் கையோடு அப்படியே ஓடிவந்தாள். நான் இருவரையும் வக்கீலம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் ஏற்கெனவே ஸ்டேஷனுக்குப் போய்ப் பையனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கண்டிப்பான ஆள். சுற்றி வளைக்கவில்லை.

“கவனமா கேளுங்க. பையன் இனிமே போலீஸ்கிட்ட நான் இல்லாம எதுவும் பேசக் கூடாது, சொல்லிட்டேன். நீங்களும் பேசக் கூடாது. அடிபட்டவர் வீட்டுப் பக்கம், ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. கால்ல விழறேன், கெஞ்சறேன்னு கிளம்புனீங்கன்னா மிரட்டப் போனதா எழுதிடுவாங்க. அவன் துணிமணி, செருப்பு, ரூமு, எதையும் தொடாதீங்க. துவைக்காதீங்க. முக்கியமா, என்கிட்ட எதையும் மறைக்காதீங்க. அசிங்கமானதா இருந்தாலும் சரி, எனக்குத்தான் முதல்ல தெரியணும்.”

மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினோம். பிறகு அவர் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டார்: “பையன் எப்பவும் இப்படித்தான் இருப்பானா? இதே முடி, இதே முகம்?”

“ஆமாங்க மேடம்” என்றார் அத்தான். பட்டென்று வந்தது. “சின்னதுலேருந்து என் கைதான். ஒரு நாள்கூட முகத்துல முடியோட இருந்தது கிடையாது.”

அக்கா அழுதுகொண்டிருந்தாள், அவள் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. தொழில் பெருமை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். குடும்பம் என்றால் வெளியாளிடம் நம் பிள்ளையை ஒரு படி தூக்கித்தானே பேசுவோம்? நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலமே பையனை நீதிபதி முன் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் நாலு நாள். அந்த நாலு நாளை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, ஆனால் அக்கா வேளாவேளைக்குச் சமைத்தாள். தெருவில் பைக் சத்தம் கேட்டால் மூன்று பேரும் வாசலுக்கு ஓடுவோம். பேட்டரிக் கடைக்காரர் கண் திறந்தாரா என்று தினமும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, யார் பேசுவது என்று கேட்டதும் வைத்துவிடுவாள் அக்கா. அவர் செத்துப்போனால் கேஸ் கொலையாக மாறும். முகம் தெரியாத ஒரு மனிதர் மூச்சு விட வேண்டும் என்று நாங்கள் வேண்டிக்கொண்ட மாதிரி அவருடைய சொந்தக்காரர்கள்கூட வேண்டியிருக்க மாட்டார்கள். அவருக்காகத்தான் வேண்டினோம் என்று சொன்னால் பொய்.

அத்தான் கடையைத் திறந்து வைத்திருந்தார். ஆனால் யாரிடமும் “என்ன கேஸு?” என்று கேட்கவில்லை. நான் அதைப் பையனை நினைத்து வந்த துக்கம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். வக்கீலம்மாவின் குமாஸ்தா எங்கள் கேஸ் காகிதங்களை எடுத்துக்கொண்டு பிரதி எடுக்க வந்தார். கோர்ட்டில் அன்றுதான் கொடுத்தார்களாம். பாவப்பட்ட மனிதர், எப்போதும் சளி பிடித்தவர். என் முகத்தைப் பார்க்காமல் காகிதக் கட்டை நீட்டினார்.

“என்ன அண்ணே, ஒரு மாதிரி இருக்கீங்க?”

“சொல்லக் கூடாது. ஆனா மனசு கேக்கல. உன் அக்கா பையன் எங்களையே ஏமாத்திட்டான்மா.”

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். சம்பவம் நடந்த திங்கட்கிழமை நாலு பத்துக்கு, ஊரின் மறுகோடியில் இருக்கிற ஒரு அடுக்குமாடி வீட்டில் பார்சல் கொடுத்ததாகக் கம்பெனிப் பட்டியலில் பையன் பெயர் இருந்தது. ஜெயிலில் கேட்டபோது அவனும் “நான்தான் போனேன்” என்று சொன்னானாம். போலீஸ், இந்தப் பையன்கள் ஃபோனை மாற்றிக்கொண்டு ஒருத்தனுக்காக இன்னொருத்தன் போவான்கள் என்று ஒதுக்கிவிட்டது. அதனால் சனிக்கிழமை குமாஸ்தாவே அங்கே போய் லிஃப்ட் கேமராவைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

“கையில அவன் கம்பெனி அடையாள அட்டைப் படம் வெச்சிருந்தேன், மழமழன்னு முகம். நாலு பத்துக்கு லிஃப்ட்ல வந்தது அவன் இல்லம்மா. யாரோ தாடிக்காரன். மேடத்துக்கு முகமே செத்துப்போச்சு. ஜாமீன் மனுவுல அந்தப் பேச்சையே எடுக்க வேணாம்னுட்டாங்க.”

என் கடையில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. பிரதி எடுக்கும்போது காகிதத்தின் ஓரத்தைத்தான் பார்ப்பேன், எழுத்தைப் படிக்கமாட்டேன். ஊர்க் குடும்பங்களின் வண்டவாளம் பூராவும் என் கண்ணாடி மேல் குப்புறப் படுத்துவிட்டுப் போகிறது, படித்தால் தூங்க முடியாது. அன்று படித்தேன். பேட்டரிக் கடைக்கு எதிர்க்கடைத் தையல்காரரின் வாக்குமூலம். நீலச் சட்டை. ஒட்ட வெட்டிய முடி. தாடி மீசை இல்லாதவன். கீழே சந்துக் கேமராவில் எடுத்த மங்கலான படம், மழமழவென்று ஒரு தாடை.

மெஷின் மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினேன்.

சலூனில் ஒருவர் முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தார். அத்தான் ஒரு கன்னத்தை முடித்திருந்தார். நான் காகிதத்தைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன்.

“அத்தான், அடிச்சவனுக்குத் தாடி இல்ல. நம்ம பையனுக்கு அன்னைக்குத் தாடி இருந்துச்சு. லிஃப்ட்ல வந்தது நம்ம பையன்தான்.”

அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. கத்தியை மடித்துக் கீழே வைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“உங்களுக்குத் தெரியும்” என்றேன்.

“ஸ்டேஷன்லயே தெரியும்மா” என்றார். “அந்தப் படத்த இவன் மூஞ்சி பக்கத்துல வெச்சு, ‘நீயே பாரு’ன்னாரு இன்ஸ்பெக்டர். அச்சு அசல் இவனேதான். நான் பண்ணி வெச்ச மூஞ்சி. வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவரு, ‘இவனுக்கு எவன் ஒத்தாசை பண்ணிருந்தாலும், எதையாவது மறைச்சிருந்தாலும், அவனையும் சேத்து உள்ள தள்ளுவேன்’னு மேஜையத் தட்டுனாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நாந்தான் நேத்து எடுத்துவிட்டேன்னா நம்புவாரா? சாட்சிய அழிச்சேன்னுதானே சொல்லுவாரு?”

“அதுக்காக வக்கீலம்மாகிட்டயும் பொய்யா? ஒரு நாள்கூட முடியோட இருந்ததில்லன்னு? மறைக்காதீங்கன்னு அந்தம்மா அவ்வளவு சொன்னாங்களே!”

“சொல்லிடலாம் சொல்லிடலாம்னுதான் நாலு நாளா... நானும் உள்ள போயிட்டா உங்க அக்காவ யாரு பாப்பா?”

நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. “உங்க தோல் பத்திரமா இருக்கட்டும், பையன் தோல ஜெயில்ல உரிக்கட்டும்” என்று சொன்னது மட்டும் ஞாபகமிருக்கிறது. அந்த வார்த்தைக்காக இன்றைக்கும் வருத்தமில்லை.

அத்தான் முன்னால் கட்டியிருந்த துணியைக்கூடக் கழற்றாமல் வெளியே இறங்கினார். “யோவ், என் மூஞ்சி?” என்று நாற்காலியில் இருந்தவர் அலறினார். “ஒரு நிமிஷம்” என்றார் அத்தான், பழக்கதோஷத்தில். அந்த மனிதர் அன்றைக்குப் பாதி முகத்தோடுதான் நீதிபதி முன்னால் நின்றாராம். கேஸ் அவர் பக்கம் தீர்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

வக்கீலம்மா முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“வியாழக்கிழமை இதே நாற்காலில உக்காந்து நான் கேட்டேன்.”

“ஆமாங்க மேடம்.”

“இத இப்ப நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம் போலீஸ் உங்களக் கூப்பிடும். ஆதாரத்த மாத்துனீங்கன்னு உங்க மேலயே கேஸ் போட்டாலும் போடலாம். தெரிஞ்சுதான் போடறீங்களா?”

அத்தானின் பேனா மேஜை மேல் தடதடவென்று ஆடியது. முப்பது வருஷத்தில் ஒரு கழுத்தைக்கூடக் கீறாத கை. இரண்டு தடவை எழுதிக் கிழித்து, மூன்றாவது தடவை போட்டார்.

வக்கீலம்மா குமாஸ்தாவைப் பார்த்தார். “அந்தக் கேமரா எத்தன நாள் வெச்சிருக்கும்?”

குமாஸ்தா மூக்கைத் துடைக்கிறதை நிறுத்தினார். “பதினாலு நாள்னு வாட்ச்மேன் சொன்னான் மேடம். அப்புறம் அதுமேலயே புதுசு ஏறிடுமாம்.” விரல் விட்டு எண்ணினார். திங்கள், திங்கள், இன்று திங்கள். “இன்னைக்கு நாலு பத்தோட...”

மணி ஒன்றே கால்.

கடிதம் டைப் அடித்து முத்திரை வைக்க அரை மணி. குமாஸ்தா, அத்தான், நான் மூவரும் ஒரு ஆட்டோவில் அந்த அடுக்குமாடிக்குப் போனோம். வழியெல்லாம் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அக்காவைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து ஒரு தடவைகூட என்னைத் தொட்டுப் பேசியவர் இல்லை. நான் கையை எடுக்கவில்லை. எனக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

வாட்ச்மேன், குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொல்லாமல் அறையைத் திறக்க முடியாது என்றான். சனிக்கிழமை திறந்தாயே என்றால், சனிக்கிழமை அவர் இருந்தார் என்றான். செயலாளர் வங்கிக்குப் போயிருந்தார். அவருடைய ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் வாசல் படியில் உட்கார்ந்தோம். இரண்டரை. மூன்று. எதிர்ச் சுவரில் கடிகாரம் வேறு மாட்டி வைத்திருந்தார்கள். அத்தான் அதைப் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று இருபத்தைந்துக்குச் செயலாளர் வந்தார். கடிதத்தை ஒரு முறை படித்து, கண்ணாடியை மாற்றி இன்னொரு முறை படித்தார். எனக்கு அந்தக் காகிதத்தை அவர் வாயில் திணிக்கலாம் போலிருந்தது.

மூன்று நாற்பதுக்கு அறையில் திரை வெளிச்சமானது. லிஃப்ட் கதவு திறந்து நீலச் சட்டையும் பெரிய பையுமாக ஒருவன் உள்ளே வந்தான். தலையில் தொப்பி, முகத்தில் பாதி தாடி.

“இவனத்தான்மா சொன்னேன்” என்றார் குமாஸ்தா. “பெத்தவங்க யாரக் காட்டினாலும் எம் பையன்னுதான் சொல்லுவீங்க. கோர்ட்டுல அது நிக்காது.”

எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. தொப்பியும் தாடியுமாக யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அத்தான் திரைக்கு மிக அருகில் போய்க் குனிந்தார்.

“அவன் திரும்புவான். நிறுத்துங்க. இடது தாடை, காதுக்குக் கீழ ரெண்டு விரல். அங்க ஒரு காசு அகலத்துக்கு முடி முளைக்காது. நாலு வயசுல வாசப்படில விழுந்தது. அத மறைக்கத்தான் மேல இருக்கற முடிய அதுமேல நீவி விடுவான்.”

திரையில் இருந்தவன் லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினான். தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதினான். பிறகு, அப்பா பார்க்காத இடம் என்ற தைரியத்தில், தாடியை இரண்டு கையாலும் நீவிவிட்டு, இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டான். இடது தாடையில் அந்த வெற்றிடம் தெரிந்தது. மேலே மூலையில் தேதியும் நாலு பத்தும்.

குமாஸ்தா பிரதி எடுக்க ஆரம்பித்தார். கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு முடிந்தது. அத்தான் திரையில் நின்றுபோயிருந்த மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டு, “நல்லாத்தான் இருந்திருக்கு” என்று சொல்லி உடைந்து அழுதார்.

செவ்வாய்க்கிழமை போலீஸ் அத்தானைக் கூப்பிட்டது. வக்கீலம்மா கூடவே போனார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்து, ஒரே கேள்வியை ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்டார்களாம். அவரும் ஒரே பதிலைச் சொன்னாராம்: “நான்தான் சார் எடுத்தேன். பயத்துல எடுத்தேன்.” திரும்பி வருவாரா மாட்டாரா என்று அக்கா வாசலிலேயே நின்றாள். ஏழு மணிக்கு வந்தார். அவர் மேல் கேஸ் போடுவார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை. வழக்கும் முடியவில்லை. பேட்டரிக் கடைக்காரர் கண் திறந்துவிட்டார், பேச்சு வரவில்லை. இப்போதும் காக்கிச் சட்டை யாராவது ஜெராக்ஸ் எடுக்க வந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்கு மறந்துபோகிறது.

வெள்ளிக்கிழமை ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. நீதிபதி படத்தைப் பார்த்தார், பையனை இரண்டடி முன்னால் வரச் சொன்னார், இடது பக்கம் திரும்பச் சொன்னார். ஜெயிலில் ஒன்பது நாள் வளர்ந்த முடி, அந்தக் காசளவு இடத்தை மட்டும் விட்டுவிட்டு முளைத்திருந்தது. ஜாமீன் கொடுத்தார். முப்பது வருஷத்தில் அத்தான் கத்தி படாத முகத்துக்குக் கிடைத்த முதல் ஜாமீன் என்று நான் கேலி செய்யலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஜெயில் வாசலில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். பையன் ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தான். மெலிந்திருந்தான். அக்கா அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து, அடித்தார்களா, அடித்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அத்தான் கொஞ்சம் தள்ளி நின்றார். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போதுதான் பக்கத்தில் வந்தார்.

“ஏன்டா, தாடி இருந்துச்சுன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா. வக்கீலம்மா ஜெயிலுக்கே வந்து கேட்டாங்களே?”

“சொன்னா, யாரு எடுத்ததுன்னு கேப்பாங்கல்ல? அந்த இன்ஸ்பெக்டர் சொன்னது உனக்கும் கேட்டுச்சே. உன்னப் பிடிச்சுடுவாங்கன்னுதான்.” பிறகு, குத்திக் காட்டுகிற மாதிரி இல்லாமல், தெரியாததைக் கேட்கிற மாதிரி கேட்டான். “நீ ஏன்பா சொல்லல?”

அத்தான் நின்றுவிட்டார்.

“பயந்துட்டேன்டா.”

“எனக்காகவா?”

அத்தான் இல்லை என்று தலையாட்டினார். அந்த ஒன்றில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை, அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

பையன் பிளாஸ்டிக் பையைக் கை மாற்றிக்கொண்டான். “சரி வா, பஸ் வந்துடுச்சு” என்றான்.

பஸ்ஸில் கூட்டமில்லை. பையன் ஜன்னலோரம் உட்கார்ந்தான், அக்கா முன் இருக்கையில் உட்கார்ந்து திரும்பித் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அவன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தும் உட்கார்ந்தான். அத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் நிறுத்தம் வரும்வரை நின்றுகொண்டே வந்தார்.